பட்டாளத்தானுக்குப் புது பிரேக்

மேட்டுப்பாளையத்தில் பாக்குமண்டிக்குப் பின்னால் இருக்கும் தெருவில், குழந்தைவேலுவின் அமெரிக்க வண்டிக்கு டிஸ்க் பிரேக் மாட்டி ஓட்டிப் பார்த்த அன்றுதான், டெய்லர் கன்னியப்பன் தன் வாழ்நாளில் முதன்முறையாகச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். ஊரில் அதற்கப்புறம் எத்தனையோ நடந்தன, மலையில் ஒரு மேகம் தொப்பென்று விழுந்தது வரைக்கும் நடந்தன. ஆனால் இன்றைக்கும் அந்தத் தெருப் பெண்களிடம் கேட்டால் முதலில் ஜாக்கெட் கதையைத்தான் சொல்வார்கள், மற்றதெல்லாம் எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான் என்பதுபோல.

வண்டிக்குப் பட்டாளத்தான் என்று பெயர். ஒரு காலத்தில் கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவர் ரேஸ் பைத்தியம் பிடித்த மகனுக்காகக் கப்பலில் வரவழைத்தது. மகன் பைத்தியம் தெளிந்து சாமியாராகப் போய்விட, வண்டி பல கை மாறி, பந்தல் சாமான் வாடகைக்கு விடும் குழந்தைவேலுவிடம் வந்து சேர்ந்தது. எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, மடக்குகிற துணிக்கூரை, கட்டில் நீளத்துக்கு பானெட், கத்தரிக்காய் நிறம். ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். இத்தனை வீரம் இருந்தும் நிற்கத்தான் தெரியாது. நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். முதல் மிதிக்குக் கேட்கும், இரண்டாம் மிதிக்கு யோசிக்கும், மூன்றாம் மிதிக்குச் சூடேறி, நீயாச்சு உன் வண்டியாச்சு என்று இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் குழந்தைவேலு அதை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மட்டும்தான் விட்டார். நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் உறுமிக்கொண்டே போகும். ஊரில் முக்கால்வாசி ஆண்கள் மாலையும் கழுத்துமாக அதில் ஒரு முறை உட்கார்ந்து, வேர்த்து வழிந்து, கல்யாண மண்டபத்தில் இறங்கியவர்கள்தான்.

மகள் யமுனாவுக்குக் கோத்தகிரியில் சம்பந்தம் அமையும்வரை குழந்தைவேலு பிரேக்கைப் பற்றிப் பெரிதாக நினைத்ததில்லை. பையன் அருள்மொழி தங்கமானவன். அவன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. பேச வேண்டியதையெல்லாம் அவனுடைய அம்மா ராஜாமணியம்மா பேசித் தீர்த்துவிட்டதால் அவனுக்கு மிச்சமில்லாமல் போயிருக்கலாம். அந்த அம்மாளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் கோத்தகிரியில் கிடையாது. நிச்சயதார்த்தத்தன்று, பொண்ணு எந்த வண்டியில் புகுந்த வீட்டுக்கு வரும் என்று பேச்சு வந்தபோது, யமுனா கூச்சமே இல்லாமல், "எங்கப்பா வண்டியிலதானுங்க, எங்கப்பாதான் ஓட்டோணும்" என்றாள். சபை சிரித்தது. ராஜாமணியம்மா சிரிக்கவில்லை.

"சம்பந்தி, பிரேக் இல்லாத வண்டியில எம்மருமக மலையேறி வரக்கூடாதுங்க. எங்கியாவது உருண்டு போச்சுன்னா எம்பையனுக்கு நான் மறுக்கா பொண்ணு தேடோணும்."

அன்று பந்தியில் குழந்தைவேலு மைசூர்பாகைக்கூடத் தொடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்தார். வண்டியைச் சொன்னது ஒரு பக்கம் உறுத்தியது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. அவர் பெற்ற மகளும் லேசுப்பட்டவள் அல்ல. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்லுவாள். ஒரு உறைக்குள் இரண்டு கத்தியைச் செருகப் போகிறோமே, இந்தப் பிள்ளை காலமெல்லாம் அந்த வீட்டில் என்ன பாடுபடுமோ என்று நினைத்து நினைத்து அவருக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. மாமியாரை மாற்ற முடியாது. பிரேக்கை மாற்றலாம். மனுஷனுக்கு எது கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் கழற்றிப் பார்ப்பான்.

ஊட்டி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த இப்ராகிம் பாய் நாலு டிரம்மையும் கழற்றிக் குப்பையில் போட்டார். ஆக்ஸிடென்ட் ஆன ஜீப் ஒன்றிலிருந்து டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் எடுத்து, கோயம்புத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறையில் பிராக்கெட் கடைந்து, காலிப்பர் உரசுகிறது என்று சக்கரத்தைப் பெரிய ரிம்முக்கு மாற்றி, ஒரு பக்கம் ஒழுகினால் மறுபக்கம் பிடிக்கிற மாதிரி இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைத்து, கால் கொடுக்கிற அழுத்தத்தை யானைக் கால் அழுத்தமாக்க ஒரு பூஸ்டரும் பொருத்தினார். மிச்சம் இருந்தது குழாயில் இருக்கும் காற்றை எடுக்கிற வேலைதான். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் சக்கரத்துப் பக்கம் குனிந்து நிப்பிளைத் திறந்து, எண்ணெயோடு வருகிற குமிழை வெளியே விட வேண்டும். எந்த ஊரிலும் இதை இரண்டு பேர் செய்து முடித்துவிடுவார்கள். ஆனால் இது காரமடைத் தேர் வடத்தை ஒரு தரம் தொட்டாலே புண்ணியம் என்று கூட்டத்துக்குள் கையை நுழைக்கிற ஜனம். யமுனா கல்யாணத்துக்குப் போகிற வண்டி, நம்ம வீட்டுப் பொண்ணு, நானும் ஒரு மிதி மிதிக்கிறேன் என்று தெருவே வரிசையில் வந்து நின்றது. ஒருத்தரை விட்டு ஒருத்தரை மிதிக்கச் சொன்னால் அப்புறம் மனஸ்தாபமாகிவிடும் என்று குழந்தைவேலுவும் யாரையும் தடுக்கவில்லை. பாய் போதும் போதும் என்று சொல்லியும் கேட்காமல், கோவில் குருக்களிலிருந்து கறிவேப்பிலைக்காரம்மா வரை மிதித்து மிதித்து, அந்தக் குழாய்க்குள் காற்று என்று ஒன்று எப்போதாவது இருந்த ஞாபகமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, குழந்தைவேலு வண்டியைத் தெருவில் விரட்டினார். தெருமுனையில் டெய்லர் கடைக்கு முன்னால் பிரேக்கை மிதித்தார். பட்டாளத்தான் ஆணி அடித்ததுபோல் நின்றான். வேகம் நிற்கவில்லை. அது வண்டியிலிருந்து இறங்கி, தன்பாட்டுக்கு நேரே போயிற்று. ரோட்டில் ஒரு கோடாகப் புழுதி எழும்ப, படுத்திருந்த நாயின் காது மடங்க, கடைப் படியேறி கன்னியப்பனுக்குள் நுழைந்தது. அவர் அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்தவர்கள் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள், தீபாவளிக்குக் கொடுத்து, பொங்கலுக்குக் கொடுத்து, நாளைக்கு வாங்க நாளைக்கு வாங்க என்று மூலையில் குமித்திருந்த அத்தனை ஜாக்கெட் துணியையும் அவர் தைத்து, கொக்கி வைத்து, அயர்ன் பண்ணித் தொங்கவிட்டிருந்தார்.

குழந்தைவேலு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினார். இப்ராகிம் பாய் டீயை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"டிரம்மு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சூடாக்கித் தின்னுரும்ணே. இது தின்னாது. முழுசா வெட்டி வெளிய தள்ளிருது."

"அப்போ சரி பண்ணிக் குடுங்க பாய்."

"என்னத்த சரி பண்ண? வண்டி நின்னுச்சுல்ல? வண்டிய நிறுத்தறதுதாண்ணே பிரேக்கோட வேலை. வேகம் எந்தப் பக்கம் போச்சுன்னு பாக்கறது அதோட வேலை இல்ல."

குழந்தைவேலு இதை அப்படியே தெருவில் வந்து சொன்னார். மறுத்துச் சொல்ல ஆளில்லாததால் ஊர் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் அதன் குணமும் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. வேகம் யார்மேல் படுகிறதோ, அவர் அப்போது எதற்கு நடுவில் இருக்கிறாரோ, அது மளமளவென்று ஓடி முடிந்துவிடும். அதோடு வேகமும் தீர்ந்துவிடும். குழந்தைவேலுவின் மனைவி நாகமணிதான் முதலில் இட்லி மாவுக் குண்டானைக் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் வைத்தாள். மாவு ஒரே மூச்சில் பொங்கியது. அதற்கப்புறம் தெருவில் உறைகுத்திய பால், வற்றல், ஊறுகாய் ஜாடி என்று வரிசை கட்ட ஆரம்பித்தது. இருபது வருஷமாக வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவரில் அண்ணனை மட்டும் நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள். அவன்மேல் பட்டதும் தம்பியும் எங்கிருந்தோ ஓடிவந்தான், சண்டை என்பது இரண்டு பேர் சொத்தல்லவா, ஒருத்தனை விட்டுவிட்டு அது தனியாக ஓடுமா? மண்டை உடைப்பு, கேஸ், பஞ்சாயத்து, அம்மா பேரைச் சொல்லி அழுகை, கட்டிப்பிடிப்பு எல்லாம் முடிந்து இருவரும் ஒரே டம்ளரில் டீ குடித்துவிட்டுப் போனார்கள். விக்கல் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தன் ஆயுளுக்கான விக்கலையெல்லாம் அங்கேயே விக்கித் தீர்த்தார். டிவி சீரியல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், ஜன்னல் வழியாக வேகம் தன்மேல் பட்டு, கதையின் முடிவு வரைக்கும் தெரிந்துகொண்டு, வீடு வீடாகச் சொல்லி எல்லோருடைய சாபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிள்ளைகளையும் வாயும் வயிறுமாக இருப்பவர்களையும் வண்டி முன்னால் நிறுத்தவே கூடாது என்று குழந்தைவேலு கறாராகச் சொல்லிவிட்டார். ராகுகாலத்தில் பிரேக் போடக்கூடாது என்பது ஊர் சேர்த்துக்கொண்டது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பஸ் ஸ்டாண்ட் வளைவில் ஒளிந்து பேசிக்கொண்டிருந்த ஒரு பையனும் பெண்ணும் குறுக்கே மாட்டும்வரை. பாவம், அன்றுதான் முதல் முதலாகக் கையைப் பிடித்திருக்கிறார்கள். குழந்தைவேலு இறங்கி ஓடுவதற்குள் அவர்கள் உருகி, ஊடி, உன்னோடு வாழ்வேன் இல்லையேல் சாவேன் என்று சத்தியம் செய்து, அதுவும் சலித்து, "கரண்ட் பில் கட்டியாச்சா?" "ஞாபகப்படுத்தியிருக்கலாம்ல?" என்று பேசிக்கொண்டு நின்றார்கள். குழந்தைவேலு மகளை நினைத்துக்கொண்டார். இந்த வேகம் மணக்கோலத்தில் இருக்கிற யமுனாமேல் பட்டால்? வாழ ஆரம்பிப்பதற்குள் வாழ்ந்து முடித்துவிடுவாளே!

"வேற கார் சொல்லிடலாம் கண்ணு" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"வேற கார்ல போனா அந்த அம்மா என்ன சொல்லும் தெரியுமாங்கப்பா? உங்கப்பன் வண்டிக்கு பிரேக் போடத் துப்பில்லைன்னு காலம் பூராவும் குத்திக் காட்டும். நான் இதுலதான் வருவேன்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மகள் வண்டிக்குள் இருக்கும்வரை பயமில்லை, வேகம் முன்னால்தான் போகும். போய் நிறுத்தும்போது ஆளில்லாத பக்கமாக வண்டியின் மூக்கைத் திருப்பி நிறுத்திவிட்டால் போதும் என்று குழந்தைவேலு தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கல்யாணம் ஊரில் நடந்தது. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, குழந்தைவேலு ஓட்ட, பக்கத்தில் நாகமணியும் பின்னால் மணமக்களுமாகப் பட்டாளத்தான் மலையேறினான். இத்தனை காலம் நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடந்த வண்டி, மூச்சு முட்டக் கத்திக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பாய்ந்தது. எதிரே பஸ் வந்தபோது ஒரு பிரேக். ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்குக் கூட்டத்துக்குள் வேகம் போய் விழ, இனி பார்ப்பதற்குப் பேனே இல்லை என்று அவை கையைக் கட்டிக்கொண்டு பென்ஷன்காரர்கள் மாதிரி உட்கார்ந்துவிட்டன. குஞ்சப்பனை கிராமத்துப் பக்கம் ஒரு பிரேக். மரத்தில் இருந்த பலாப்பிஞ்சு கண்முன் பருத்துப் பழுத்து மணத்தது. "அப்பா, நிறுத்துங்கப்பா, எடுத்துக்கலாம்" என்றாள் யமுனா. "தாலி ஏறின அன்னிக்கி பலாப்பழம் கேக்கறா பாரு" என்று நாகமணி தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொரு வளைவில், சரிவில் மெல்ல ஏறிக்கொண்டிருந்த மேகத்தின்மேல் பட்டது. அது தனக்கு விதித்த மழையையெல்லாம் ஒரே கொட்டாகக் கொட்டித் தொப்பென்று விழுந்தது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்து, "நல்ல பிரேக்குங்க மாமா" என்றான். அவன் அன்று பேசிய முதல் பேச்சு அதுதான்.

ராஜாமணியம்மாவின் வீடு ரோட்டிலிருந்து இறங்குகிற சரிவில் இருந்தது. குழந்தைவேலு நினைத்து வைத்திருந்தபடி வலது பக்கம் தேயிலைச் செடிகளைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். முன்கூட்டியே வீடு வந்து சேர்ந்து, ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற ராஜாமணியம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"அங்க எங்க போறீங்க சம்பந்தி? கிழக்க பாத்து நிறுத்துங்க! ஆரத்தி எடுக்கோணும்!"

"நவுந்துக்குங்கம்மா! வண்டி முன்னாடி வராதீங்க!"

"எங்கூட்டு வாசல்ல என்னையவே நவுரச் சொல்றதுக்கு ஆள் வந்தாச்சா?" என்று கேட்டபடியே அந்த அம்மாள் தட்டை ஏந்திக்கொண்டு நேரே வண்டியின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றார். சரிவில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மிதிக்காமல் என்ன செய்வது? குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார்.

வண்டி நின்றது. தட்டில் கற்பூரம் ஒரே மூச்சில் எரிந்து தீர்ந்தது. ராஜாமணியம்மா அந்த நிமிஷம் மாமியாராகிக்கொண்டிருந்தார், வேறெதற்கும் நடுவில் இல்லை.

யமுனா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனதுதான் தாமதம், "இதென்ன பொட்டு, கடுகு மாதிரி?" என்று ஆரம்பித்தது. "கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுங்க அத்தை" என்று இவள் திருப்பினாள். பாலும் பழமும் கொடுப்பதற்குள் ரசத்தில் உப்புப் போதாமல் போயிற்று, உங்க ஊர்ல இப்படித்தான் வெப்பாங்களா என்று அது நீண்டது, சாவிக்கொத்து மாமியார் இடுப்பை விட்டு இறங்காமல் இருந்தது, யமுனா மூன்று வேளை சாப்பிடாமல் கோபித்துக்கொண்டாள், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இரண்டு அடுப்பு ஆயிற்று, ஒருத்தி வைத்த குழம்பை மற்றவள் தொடாமல் கொட்டினாள், எம்பையனை முடிஞ்சு வெச்சுக்கிட்டா என்று தெருவில் போய்ச் சொல்லப்பட்டது, நான் போறேன் எங்கப்பன் ஊட்டுக்கு என்று பெட்டி கட்டப்பட்டது. பெட்டியைக் கண்டதும் குழந்தைவேலு கையில் கொடுத்த டீயைக் கீழே வைத்துவிட்டுப் பாய்ந்தார். நாகமணி அவர் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "இருங்க. உறை குத்துன பாலைப் பாதியில கலக்குனா திரிஞ்சு போயிரும்." அதற்குள் ராஜாமணியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். யமுனா பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தூக்கினாள், முட்டிக்கு எண்ணெய் தேய்த்தாள், தேய்க்கும்போதும் திட்டினாள், கஞ்சி ஊட்டினாள். ஒருத்திக்கு ஒருத்தி எதிரே அழமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்த இருவரும் ஒருநாள் வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழுது தீர்த்தார்கள். சாவிக்கொத்து ஒரு சத்தமும் இல்லாமல் இடம் மாறியது.

குழந்தைவேலுவின் டீ இன்னும் ஆறவில்லை. மாப்பிள்ளை அருள்மொழி கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல், எந்தப் பக்கம் போய் நிற்பது என்று தெரியாமல், கூடத்தின் நடுவில் புது மாப்பிள்ளையாகவே நின்றிருந்தான். அதைப் பார்த்ததும் குழந்தைவேலுவுக்கு உயிர் வந்தது. மகள் வாழவேண்டிய வாழ்க்கை தொடாமல் அப்படியேதான் இருக்கிறது. தீர்ந்தது சண்டை மட்டும்தான்.

உள்ளேயிருந்து ராஜாமணியம்மாவின் குரல் கேட்டது, காற்று இறங்கிய குரல். "ஏம் அம்மிணி, காலம் பூரா வெச்சிருந்து போடவேண்டிய சண்டைய இன்னிக்கே போட்டு முடிச்சுட்டோமே. இனி என்னத்த பண்றது?"

"சும்மா உக்காந்திருக்கலாம் அத்தை" என்றாள் யமுனா.

குழந்தைவேலுவுக்கு ஓவென்று சிரிக்க வேண்டும் போலிருந்தது. எந்த பயத்துக்காகத் தூக்கம் கெட்டதோ அந்த பயம் கண்முன்னால் கரைந்துவிட்டது. இந்த பிரேக்குக்காக இப்ராகிம் பாய்க்குக் கோவில் கட்டலாம். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போய்வருகிறோம் என்று சொல்ல வாசலுக்கு வந்தார். மகள் அழுவாள், அப்பா என்று மார்பில் விழுவாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று வழிநெடுக வார்த்தைகளைத் தேடி எடுத்து வைத்திருந்தார்.

யமுனா ஒரு பையில் முட்டைக்கோஸும் தேயிலைப் பொட்டலமும் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், நெற்றியில் பெரிய பொட்டு.

"மாத்திரை போட்டீங்களாப்பா? அம்மா, பனி எறங்குது, காதுல எதையாவது கட்டிக்கங்க. பாத்துப் போங்க, ரோட்டுல ஈரமா இருக்குது."

"சரி கண்ணு. தலைதீபாவளிக்கு நானே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

அவள் திரும்பி வீட்டுக்குள் ஒரு தரம் பார்த்தாள்.

"இல்லீங்கப்பா. அத்தைக்கு முட்டி சரியில்ல, தனியா விட்டுட்டு நான் எங்கயும் வரமுடியாதுங்க. நீங்களும் அம்மாவும் இங்க வந்துருங்க. வரும்போது ஒரு போன் பண்ணிட்டு வாங்க."

குழந்தைவேலு தலையை ஆட்டினார். மத்தியானம் வண்டியில் ஏற்றி வந்த பெண்ணைத் தேடினார். இங்கே நிற்பவளும் அவர் மகள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டிக் கொடுத்து எத்தனையோ காலமாகிவிட்ட மகள். அந்தக் காலத்தில் ஒரு நாள்கூட அவர் கணக்கில் இல்லை. அவருக்குத் தாங்க முடியவில்லை. தாங்க முடியவில்லை என்பதைக் காட்டிக்கொள்ளாமல் பையை வாங்கிப் பின் சீட்டில் வைத்தார்.

வண்டி கிளம்பி முதல் வளைவைத் தாண்டியதும் நாகமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே, பாத்தீங்களா?"

"எப்பவோ அழுது முடிச்சிருப்பா. நாமதான் பாக்கல."

அதற்கப்புறம் இருவராலும் முடியவில்லை. அவளும் அழுதாள், அவரும் அழுதார், ரோடு கலங்கலாகத் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் நாகமணி அவர் தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க, நான் எறங்கி வண்டி முன்னால நிக்கட்டுங்களா? ஒரு பிரேக் போடுங்க. இந்த அழுகையாவது வெரசா முடிஞ்சு தொலையட்டும்."

"வேண்டாம் நாகு" என்றார் குழந்தைவேலு. "இது ஒண்ணாவது நம்மகிட்ட இருக்கட்டும்."

முதல் கியரில் போட்டு, பிரேக்கில் காலே வைக்காமல், மாட்டுவண்டி வேகத்தில் மலையிறங்கினார்கள். பின்னால் வந்த பஸ்காரன் மேட்டுப்பாளையம் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான்.